பதினொரு செக்கன்

மூன்று கிழமையாய்க் கிணற்றுக்குள்ளிருந்து
ஏறிக்கொண்டிருந்த பேய்
நேற்றுத்தான் ஒரு கையை வெளியில் வைத்தது.
இன்றைக்குத் தொடங்கினவுடன் பார்த்தால்
அதுக்கு எட்டு வயது, ரெட்டைப் பின்னல்,
பள்ளிக்கூடம் போகுது.

"கோதாரி, முழுக்க பிளாஷ்பேக்" எண்டு
போனுக்குள் கத்தினேன்.
இணுவிலில் இரவு ஒன்பதரை.
மொன்றியலில் என் தங்கச்சி சிவரூபி
மத்தியானச் சோற்றோடு இதையே பார்க்கிறாள்,
என்னைவிடப் பதினொரு செக்கன் பிந்தி.
நான் பயந்து முடியத்தான் அவளுக்குப் பேய் வரும்.
"சொல்லாதை அக்கா" என்பாள்.
சொல்லிவிடுவேன்.

பழையது என்றால் எல்லாம் மஞ்சள், ஓரம் மங்கல்.
அந்தக் காலத்தில் ஆரடி நகத்துக்கு
இந்த மினுக்கம் பூசினது?
சிரித்தோம்.
விளம்பரத்துக்குள் ரசச் சட்டியை
ஒற்றைக் கையால் இறக்கினேன்.
இடது முழங்கை
ரெண்டாம் வகுப்பிலிருந்து முழுக்க நீளாது.

பிறகு அந்தப் பிள்ளை கிணற்றை எட்டிப் பார்த்தது.
பின்னால் அதின்ரை தங்கச்சி.
கை நீளுது.
தள்ளவோ பிடிக்கவோ, காட்டவில்லை.
கப்பி மட்டும் சுற்றிச் சுற்றி நின்றது.

வாய் திறக்காமல் எண்ணினேன்.
பதினொன்றிலும் அவள் கத்தவில்லை.
கரண்டி கோப்பையில் படுகிற சத்தம்
நின்றுபோச்சு.

"அவள் வேணுமெண்டு செய்யேல்லை"
என்றாள் சிவரூபி.

ஆர் என்று கேட்கவில்லை.
நாளைக்கு வருகிறதைப் போட்டார்கள்:
திரும்பவும் கிணறு, திரும்பவும் அந்தக் கை,
அதைப் பிடிக்க வருகிற இன்னொரு கை.

இந்த முறை
நான் முந்திச் சொல்லவில்லை.