பதின்மூன்றாவது பட்டன்

பதின்மூன்றாவது பட்டன் அமுங்காது என்பதால்
பாதி விலைக்குக் கொடுத்தான் கஸ்பா இம்தியாஸ்.
"பதினாறுல ஒண்ணு செத்துப்போச்சுன்னா
பாட்டே நொண்டும்ணா. யோசிச்சுக்க."
யோசித்தேன்.
எனக்குப் பன்னிரண்டு போதும்.

சத்துவாச்சாரியில் மாடி வீடு.
பகலெல்லாம் வெயிலைத் தின்ற மலை
இரவு பத்துக்கு மேல்
எங்கள் பின்சுவரில் ஏப்பம் விடும்.
பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு
மாவு வாளியை ஓரந்தள்ளி
சமையல் மேடையில் பெட்டியை வைத்தேன்.

உலகம் நாலு நாலாய்த்தான் நடக்குமென்று
எவன் முடிவு செய்தானோ:
பதினாறு பட்டன்,
நாலுக்கு ஒரு நிறம், நாலுக்கு ஒரு கோடு.
பேட்டர்னைப் பிடித்தபடி பன்னிரண்டை அமுக்கினேன்.
ஓடிவந்த சிவப்பு வெளிச்சம்
பன்னிரண்டோடு திரும்பி
ஒன்றில் குதித்தது.
செத்த பதின்மூன்றும்
உயிரோடிருக்கும் மற்ற மூன்றும்
ஒரே இருட்டில்.

கிக், ஒன்றிலும் ஏழிலும்.
ஸ்னேர், நாலிலும் பத்திலும்.
ஹைஹேட் எல்லாவற்றிலும்,
மூன்றில் முதலாவதுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தம்.
தகிட தகிட தகிட தகிட.
மூச்சிரைக்க ஓடியது பெட்டி.
வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன்.
திரையில் எழுபத்தைந்து, காதில் நூறு.
நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தால்
அந்தப் பொய் சரியாய் வருகிறது.

ஆறில் இன்னொரு ஸ்னேர்,
பக்கத்து வீட்டில் யாரோ டம்ளர் வைத்த அளவுக்கு.
அதன்பிறகுதான் ஊசலாடத் தொடங்கியது,
ரத்த வங்கியில் நாளெல்லாம் நான் பார்க்கும்
பையைத் தாலாட்டும் தட்டைப் போல.

ஆம்பூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த எப்சிபா
செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:
"நல்லாகீது. மூணு அடி."
"நாலு அடி" என்றேன். "அடிக்கு மூணு."
"மூணு அடி. அடிக்கு நாலு.
எட்டு மணி நேரம் ஷூ மேல்தோல் தைக்கறவ நான்,
எனக்குத் தெரியாதா?"

பசை நாறும் விரலால்
ஒன்று, ஐந்து, ஒன்பதில்
ஒரு கட்டைச் சத்தத்தை வைத்தாள்.
"இப்ப கேளு."

காட்பாடியில் பக்கத்து ரயில் நகரும்போது
நம் ரயில்தான் நகர்கிறதென்று
வயிறு ஒரு கணம் நம்புமே, அப்படி.
எதையும் மாற்றவில்லை, அதே பன்னிரண்டு விளக்கு,
தரை மட்டும் இடம் மாறிவிட்டது.
பிடிவாதமாய் என் நாலுக்குத் திரும்பினேன்.
மேடையைத் தட்டி அவள் மூன்றுக்கு இழுத்தாள்.
ரசம் ஆறியது.
கல்யாணச் செலவுக்குக்கூட
நாங்கள் இவ்வளவு கத்தியதில்லை.

ஒரு மணிக்குக் கீழிருந்து யாரோ,
"தண்ணி வந்துக்குது!"

ஒன்பது நாள் கழித்து வருகிறது.
குடங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.
பெட்டியை நிறுத்தவில்லை.

ஏறும்போது
மூன்று படிக்கு ஒருமுறை இறக்கிவைத்து நான் கைமாற்றுவேன்.
அவளுக்கு நாலு.
தெருவிளக்கில் பார்த்தேன்:
மூன்றாம் படியில் என் குடத்தின் ஈர வட்டம்,
நாலில் அவளுடையது,
ஆறு எனக்கு, எட்டு அவளுக்கு,
ஒன்பது எனக்கு,
பன்னிரண்டில் ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு.
கூப்பிட்டுக் காட்டினேன்.
"தண்ணி நின்னுடப் போவுது, நடய்யா" என்றாள்.

மூன்றாம் நடைக்குள் சிந்திச் சிந்தி
எல்லாப் படியும் நனைந்து
எந்த வட்டம் யாருடையதென்று இல்லாமல் போனது.
பன்னிரண்டிலிருந்து வாசலுக்கு
இருவருமே ஓர் எட்டாய் வைக்கிறோம்.
முனை உடைந்த அந்தப் பதின்மூன்றாவது படி மட்டும்
காய்ந்து கிடந்தது,
மலையின் சூட்டோடு.