பதினோரு வட்டம்

ஆடி பிறந்து எட்டாம் நாள், கச்சான் காற்றில்
என் மூட்டத்தின் கண் ஒன்று பிளந்துகொண்டது.
ஒரே ஒரு பொறி.
வாலிநோக்கம் ரோட்டிலிருந்து உப்பளக் கரை வரைக்கும்
கொழுக்கட்டைப்புல் மொத்தமும்
நான் குடத்தை எடுத்து வருவதற்குள் கறுத்துப்போனது.

சாயல்குடி வண்டி வந்தபோது
அணைக்க ஒன்றும் மிச்சமில்லை.
டிரைவர் டீ கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.
கூட்டத்தில் பதினெட்டாயிரம் அபராதம் போட்டார்கள்.
ராக்கு மட்டும் தன் பங்கை வாங்கவில்லை.
"ஆடு ரூவாயத் திங்குமா?"
அறுபது உருப்படியை ஓட்டிக்கொண்டு
கமுதிப் பக்கம் போய்விட்டாள்.

அதன்பின் விடிந்தால் எனக்கு அந்தக் கரிசல்தான்.
ஒருநாள் குனிந்து, சாம்பலை ஒதுக்கி,
மண்ணுக்குள் விரலை விட்டேன்.
ஒரு கட்டை ஆழத்தில் மண் பழைய நிறத்திலேயே இருந்தது.
அங்கே ஊசிப்புல் விதை
தலைகீழாய்ச் செருகி நின்றது.
ராத்திரி கடல் ஈரம் பட்டால் அதன் வால் முறுக்கவிழும்,
வெயில் ஏறினால் மறுபடி முறுக்கும்.
அவிழ்ந்து முறுக்கி, அவிழ்ந்து முறுக்கி
தீக்கு முந்தியே துளைத்து இறங்கியிருக்கிறது.
தீ வருமென்று தெரிந்தல்ல.
அதற்கு வேறு வேலை தெரியாது.

கரிக்காரன் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
ஓடுகிற தீ காய்ந்த தாளைத் தின்னும், போய்விடும்.
கீழே பார்க்க அதற்கு நேரமில்லை.
உட்கார்ந்த தீ வேறு.
மண் பூசி, மூச்சை அடைத்து, ஏழு நாள்
அதை ஓரிடத்தில் உட்காரவைப்பதுதான் என் பிழைப்பு.

ஐப்பசியில் மழை.
நாலாம் நாள் கறுப்பின்மேல் ஒரு பச்சை,
நேராகப் பார்த்தால் காணாது,
ஓரக்கண்ணுக்குத் தெரியும்.
பொசுங்கிய தூர்கள் நடுவிலிருந்து குருத்து விட்டன.
முழங்கால் உயரச் சீமைக்கருவேலங் கன்றுகள் குச்சியாய் நின்றன.
பெரிய மரங்கள் மட்டும் அடியிலிருந்து துளிர்த்தன.
அதுகளைத் தீ ஒன்றும் செய்யாது, என் கோடாலிதான்.

ராக்கு கார்த்திகையில் திரும்பினாள்.
ஆடுகளை ரோட்டோரம் மடக்கிவிட்டு
புது நாற்று ஒன்றைப் பிடித்து இழுத்தாள்.
வேரோடு வந்தது.
"இன்னும் பிடிக்கல. கதிரு உதிரட்டும்."
என்னிடம் சொன்னாளா, ஆடுகளிடமா, தெரியவில்லை.
தை வரைக்கும் கண்மாய்க் கரையிலேயே மேய்த்தாள்.
அதுகள் கத்தின. அவளும் பதிலுக்குக் கத்தினாள்.

மாசியில் புல் இடுப்புக்கு வந்து
காற்றில் சாயும்போது
நடுநடுவே சொட்டை தெரிந்தது.
எண்ணினேன். பதினொன்று.
எல்லாம் வட்டம், எல்லாம் செங்கல் நிறம்.
என் மூட்டங்கள் உட்கார்ந்த இடங்கள்.
ஏழு வருசத்துக்கு முந்தியதும் அதில் உண்டு.
பெய்த மழை அங்கே நின்றே காய்ந்திருக்கிறது.
ஒரு வட்டத்தில் ராக்குவின் சினையாடு
படுத்து அசைபோட்டது,
நெருஞ்சிகூட இல்லாத சுத்தமான தரை.

நாளைக்கு விறகு லோடு வருகிறது.
புது இடம் பார்க்க வேண்டாம்,
பழைய வட்டத்திலேயே இறக்கு என்று
சொல்லியிருக்கிறேன்.