மட்டம்

மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தவர்
கை குலுக்கியதும் பையிலிருந்து எடுத்தது
ஒரு கோலிக்குண்டு. பச்சை.
விக்டர் தனராஜ். ஓசூரிலிருந்து இரவு பஸ்.
சட்டை கசங்கியிருந்தது
கண் கசங்கவில்லை.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
மூடிப்போன அரிசி ஆலை இருந்த இடம்.
இருபத்திரண்டாயிரம் சதுர அடி.
கூரையில் ஒளித்தகடு, பகலில் விளக்கு வேண்டாம்,
நடுவில் தூணே கிடையாது என்று
நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.
அவர் முட்டி போட்டு
குண்டைத் தரையில் வைத்தார்.

இந்தக் களிமண்ணைப் பற்றி
எஞ்சினியர் மெஹராஜ் பேகத்தைக் கேட்க வேண்டும்.
சித்திரையில் கை நுழையும்படி வெடிக்கும்.
ஐப்பசியில் ஊதிக்கொண்டு
மேலே இருப்பதையெல்லாம் தூக்கிப் பார்க்கும்.
முதலில் ஊற்றிய தரை
ஓர் ஓரம் அரை அங்குலம் எழும்பியபோது
உடைக்கச் சொன்னாள்.
பேங்க் வட்டி என் தலைக்குள்
பம்புசெட்டாய் ஓடிக்கொண்டிருந்தது.
"கீழே அரை அங்குலம், ரேக் உச்சியில் அரை முழம் சார்.
காவிரிக்குக் கடல் எந்தப் பக்கமென்று தெரியும்.
தரைக்குத் தெரியக் கூடாது."

உடைத்தோம்.
நாலடிக் களியை வாரி வெளியே போட்டோம்.
கிராவல், ரோலர், தண்ணீர், மறுபடி ரோலர்.

குண்டு நின்றது.
இன்னும் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார்.
வடக்கு மூலையில் மட்டும் ஒரு சாண் உருண்டது.
மெஹராஜ் ஒன்றும் பேசாமல் போய்
ஷட்டரை இறக்கினாள்.
காற்று நின்றது. குண்டும்.

பிறகு பேரம்.
தரை ஏன் நாலடி உயரம்?
"லாரி முதுகு உயரம்" என்றாள்.
பழைய மதில்மேல் மூன்றரை அடியில்
வெள்ளம் கோடு கிழித்திருப்பதைச் சொல்லவில்லை.
அவரே பார்த்தார்,
கேட்கவில்லை.

"இது என்ன, ஆறு குளியலறை?"
"டிரைவர்களுக்கு."
"அதற்கெல்லாம் வாடகை தர மாட்டோம்."
"கேட்கவில்லையே சார்."
பணம் போட்டவன் நான் என்று
வாய் வரைக்கும் வந்தது.

ஒன்பது வருஷத்துக்குக் கையெழுத்து.
சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டுதான்.
கோலிக்குண்டை மறந்துவிட்டுப் போனார்.
என் மேசைமேல் வைத்தால்
நிற்கவே மாட்டேன் என்கிறது.

தை மாதப் பனியில் முதல் லோடு.
இந்தூரிலிருந்து நாலு நாள் ஓட்டி வந்தவர்
சீட்டை நீட்டவில்லை,
சாவியை என் கையில் திணித்துவிட்டு
துண்டோடு நடந்தார்.
அரை மணி நேரம்
தண்ணீர்ச் சத்தமும் ஏதோ ஓர் இந்திப் பாட்டும்.
சரக்கு இறக்குகிறவர்கள் பீடி பற்ற வைத்தார்கள்,
"கேட்டுக்கு வெளியே" என்றாள் மெஹராஜ்.

ஓசூரிலிருந்து போன்.
"வண்டி வந்தாச்சா?"
வந்தாச்சு என்றேன்.
குளிக்குது.