இடது மணிக்கட்டு

ஸ்டான்லி, பழைய ஜெயில் ரோடு.
பதினோரு மணிக்குக் கெல்லிஸிலிருந்து கூட்டி வந்தார்கள்.
விலங்கு கிடையாது, காக்கி கிடையாது,
மஃப்டியில் இரண்டு பேர்.
அவர்கள் ஷூவைப் பார்த்தே
வரிசை ஒதுங்கி வழிவிட்டது.

பேர் எழுதக் கூடாது இவனுக்கு, சட்டம்.
மெமோவில் ஒரு நம்பர்,
வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்.
பள்ளிக்கூடச் சான்று வெள்ளத்தில் போனது.
பிறந்தது வீட்டிலா ஆட்டோவிலா என்பதில்
அம்மாவுக்கும் அத்தைக்கும் இன்னும் தகராறு.
"புயல் அடிச்ச வருசம் மேடம்,
எந்தப் புயல்னு கேக்காதீங்க."

அதனால் எலும்பைக் கேட்கிறது நீதிக் குழுமம்:
பதினாறு முடிந்ததா?
முடிந்திருந்தால் உட்காரவைத்து
தெரிந்துதான் செய்தாயா
விளைவு விளங்கித்தான் செய்தாயா என்று அளந்து
பெரியவனாக்கி அனுப்பலாம்.
முடியவில்லையென்றால் பையன்.

ஒப்புதல் படிவத்தில் அவனே
கையெழுத்துப் போடப் போனான்.
பேனாவைப் பிடுங்க வேண்டியிருந்தது.
"உன்னுது செல்லாதுப்பா, மைனர்.
அம்மாவ வெக்கச் சொல்லு."
அம்மா பெருவிரல் வைத்தாள்.
மை துடைக்கப் பஞ்சு கொடுத்தேன்.

ஈய அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது.
உள்ளங்கையைத் தட்டில் விரித்து வைத்தேன்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற கை,
விரலிடுக்கெல்லாம் உப்புப் புண்.
அதே ஐஸ் கம்பியால்தான் என்றிருந்தது மெமோவில்.
நான் படிக்கத் தேவையில்லை. படித்தேன்.

காலையிலிருந்து நெஞ்சுப் படமாக எடுத்த பழக்கம்,
"மூச்சப் புடி" என்றுவிட்டேன்.
கைக்கு எதற்கு மூச்சு.
படம் விழுந்தது, சேமித்தேன், நம்பர் போட்டேன்,
திரும்பிப் பார்த்தால்
கன்னம் உப்பி, கண்ணில் நீர் கோத்து
இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்,
விடு என்று நான் சொல்லாததால்.

திரையில் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே
மூடியும் மூடாமலும் ஒரு கறுப்புக் கோடு.
டாக்டர் எழுதினார்:
பதினைந்துக்கும் பதினேழுக்கும் நடுவே.

அதே கம்ப்யூட்டரில், ஒன்பது நாள் முந்தைய தேதியில்,
இன்னொரு படம்.
இந்தப் பேரைச் சொல்லலாம், தடை இல்லை.
தேசப்பன். இருபத்தொன்று. ஜீவரத்தினம் நகர்.
மண்டை, பக்கவாட்டில்.
ஆடாம இரு என்று அவனிடமும் சொன்னேன்.
ஆடவே இல்லை.
விடிவதற்குள் போய்விட்டான்.

அவன் அக்கா நேற்று வந்திருந்தாள்.
"கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ ஒண்ணுதான் கீது,
கண்ணே தெரியல. இதையாவது குடுங்க."
மெடிக்கோ லீகல், தர முடியாது என்றேன்.
கதவு வரை போய்த் திரும்பினாள்.
"அவனுக்கு வயசு பாக்குறீங்களே,
என் தம்பிக்கு என்னா பாத்தீங்க?"
எக்ஸ்ரே பார்த்தேன் என்றா சொல்வது.

ராத்திரி தண்டையார்பேட்டையில் கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் மகள்
குடிமையியல் மனப்பாடம் செய்கிறாள்.
குழந்தைகளுக்கெனத் தனி ஏற்பாடு செய்ய
அரசுக்குத் தடை ஏதுமில்லை,
பிரிவு பதினைந்து, உட்பிரிவு மூன்று.
கண்ணை மூடி மறுபடி சொல்கிறாள்,
உட்பிரிவை மறந்து, நெற்றியில் தட்டிக்கொண்டு.

"எத்தனை மார்க்?"
"ரெண்டு."
"எந்த வயசு வரைக்கும் குழந்தைன்னு போட்டிருக்கா?"
புரட்டினாள். வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.
"இந்தப் பாடத்துல இல்லம்மா.
கேக்க மாட்டாங்க."