சத்தம் பூச்சியம்

மச்சான் ரொறன்ரோவிலிருந்து கட்டி அனுப்பிய றிசீவர்
நூற்றுப்பத்து வோல்ட்டுக்குப் பிறந்தது.
புதுக்குடியிருப்புக் கரண்டை நேரே குடித்தால் வெடிக்கும்.
ஆறு கிலோ ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று நடுவில் குந்தியிருந்து
பாதியாக்கிப் பருக்குகிறது.
ஐந்து ஸ்பீக்கரில் இரண்டுதான் வந்து சேர்ந்தன.
மிச்சம் மூன்றும் எந்தத் துறைமுகத்தில்
யாரைச் சூழ்ந்து பாடுகின்றனவோ.

பரவாயில்லை.
எனக்கு வேண்டியது அதன் முதுகு.
சிவப்பும் வெள்ளையுமாய் ஓட்டைகள்,
வருவது ஒரு வரிசை, போவது ஒரு வரிசை.
வோக்மனை வருகிறதில் குத்தி
ஃபோனைப் போகிறதில் குத்தினால்
சாமத்தியவீட்டு வீடியோக்காரனின் ஏச்சு,
ரியூசன் மாஸ்ரரின் இரசாயனம்,
எல்லாம் மெமறி காட்டில் குடியேறிவிடும்.
ஒரு பக்கத்துக்கு இருநூறு ரூபா.

அளம்பிலில் இருந்து வந்த றெஜினா
பொலித்தீன் பையை மேசையில் வைத்தாள்.
உள்ளே ஒரு ரேப். உறையில் பேனையால்:
நூறிலிருந்து.
"அவர் ஓட்டோவுக்குள்ள இருக்கிறார்.
சத்தம் வெளியில கேக்கக்கூடாதெண்டு சொன்னவர்."
சொன்னவர் என்றால் எழுதிக் காட்டியவர் என்று
பிறகுதான் விளங்கியது.

குமிழைத் திருகிப் பூச்சியத்தில் விட்டேன்.
"அப்ப ஒண்டும் பதியாதே?"
பதியும், அக்கா.
இந்தக் குமிழ் அறைக்கு மட்டும்தான் அதிகாரி.
முதுகால் போகிறதை இது
கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது.
ரேப் எவ்வளவு சொன்னதோ அவ்வளவும் போய்ச் சேரும்,
நாங்கள் இங்கே செவிடாக இருந்தாலும்.

அவள் பெட்டியைப் பார்த்தாள்,
வியாபாரியின் தராசைப் பார்க்கிற மாதிரி.

முப்பத்தொரு நிமிடம்.
மின்விசிறி. தெருவில் கல்லேற்றிய டிப்பர்.
ஃபோன் திரையில் பச்சைக் கோடு
எழும்பி விழுந்தது, எழும்பி விழுந்தது,
மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் படுத்து.
பாட்டில்லை. பேச்சென்றும் சொல்ல முடியாது.
எத்தனையோ கோடு பார்த்த எனக்கு
இந்த நடை புதிது:
யாரோ படியேறுகிறார்,
முடியாத படி.

ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்தாள்.
உதடு கூடவே போனது.
முந்நூற்றி முப்பது. முந்நூற்றி நாப்பது.
முந்நூற்றி அறுபது.
நிறுத்தினாள். பின்னுக்கு இழுத்தாள்.
முந்நூற்றி நாப்பது. முந்நூற்றி அறுபது.
"பாருங்கோ," என்றாள், "அம்பதை விழுங்கிப்போட்டார்."
சிரிப்பு வந்து ஹெட்ஃபோன் சரிந்தது.

மனுவேற்பிள்ளை கரையில் மீன் கூறுகிறவர்.
மகரகமவில் தொண்டையைத் திறந்து மூடினார்கள்.
திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து
குரல் மட்டும் இறங்கவில்லை.
இது சமாதான காலத்து ரேப்.
தொழில் பழக, ஆளில்லாத கரையில் நின்று
இல்லாத மீனுக்கு ஐயாயிரம் வரை
தானே கூறித் தானே பதிந்தது.
நாளைக் காலை ஒரு கையில் குட்டி ஸ்பீக்கர்,
மற்றக் கையின் பெருவிரல் நிறுத்தற் பட்டனில்.
தலையாட்டம் நிற்கிற இடத்தில் அமத்துவார்.

வெட்டி ஒட்டலாம் என்றேன்.
எழுநூற்றி ஐம்பதில் நல்ல ஐம்பது ஒன்று இருக்கிறது,
அதற்குக் காசும் வேண்டாம்.
போய்க் கேட்டு வந்தாள்.
சிகரெட் பெட்டி மட்டையில் எழுத்து:
வேண்டாம். அதில ஏறுறவன்
இருபதா ஏறட்டும்.

ஓட்டோ ஹோர்ன் அடித்தது.
ஒருதரம்.
இருநூறு என்றேன். நூற்றி எழுபதை எண்ணி வைத்தாள்.
இரண்டுதரம்.
நான் வாய் திறக்கிறதுக்குள்
பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்,
மூன்றாவது அடிக்க முதல்.