அடுத்த முறை

ஜுபைல் கேம்ப், அறை 212.
கட்டில் ஒன்று, லேப்டாப் ஒன்று, ஆள் இரண்டு.
தாசையாவுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு இரவு.
அவன் படுத்த சூட்டில் நான் படுப்பேன்.
அவன் முடித்த முறையிலிருந்து நான் தொடங்குவேன்.
எட்டு மாதமாக ஒரே ஆட்டம்.
நேரில் பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும்,
அதுவும் பருப்பில் உப்பைப் பற்றி.

கி.மு. நாலாயிரத்தில்
ஆளுக்கொரு குடியேறி வண்டி கொடுத்தார்கள்.
அவன் நின்ற இடத்திலேயே ஊர் போட்டான்.
நான் ஆறு தேடி மூன்று முறை நடந்தேன்.

அறுபதாவது முறையில் அவனுக்குப் பதினோரு ஊர்,
எனக்கு மூன்று.
மதில் கிடையாது அவனுக்கு. ஊருக்கொரு தடிக்காரன்,
சில ஊரில் அதுவும் இல்லை.
புது ஊர் ஒன்று எழுந்தால் பழைய ஊர்களில்
முகங்கள் கொஞ்சம் வாடும், அது ஆட்டத்தின் விதி.
வாடட்டும் என்றிருந்தான்.
அவன் நிறம் மட்டும் எண்ணெய்க் கசிவுபோல்
வரைபடமெங்கும் நகர்ந்தது.

நான் கொட்டடி கட்டினேன்.
பன்னிரண்டு குதிரைப்படை, நான்கு கவண்.
சும்மா நிற்கிற படைக்கும் சம்பளம் உண்டென்று
நாற்பது முறை கழித்துத்தான் உறைத்தது.
போரே இல்லாமல் கருவூலம் கரைந்தது,
முறைக்கு ஒன்பது பொன்.
(எங்களுக்கு இரண்டு மாத பாக்கி.
நிற்கும் படையைக் கம்பெனி
வேறு விதமாகக் கணக்கிடுகிறது.)

பாதுகாப்புக் கூட்டத் தாளின் பின்புறம்
கடிதப் போக்குவரத்து.
"இத்தனை படை வச்சு என்னத்தப் புடிச்ச?"
"பதினொண்ண எத வச்சுக் காப்ப?"
"எதுக்குக் காக்கணும்? நீ ஒண்ணப் புடிக்கதுக்குள்ள
நான் ரெண்டு போட்டுருவேன்."
மூன்று நாள் அதற்குப் பதில் எழுதவில்லை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ஆட்டம் கொடுக்கும் ஊர்ப்பெயரை அவன் ஏற்பதில்லை.
ருவைஸ், மெசையீத், சித்ரா, சோஹார், யான்பு, துக்ம்
என்று போகும்.
பதினேழு வருடத்தில் படுத்தெழுந்த கேம்புகள்,
போன வரிசையிலேயே.
ஒன்றிலும் அவன் பெயரில்
ஒரு அலமாரிச் சாவிகூட இருந்ததில்லை.
தலைநகரம் ருவைஸ்.

நூற்று நாற்பதில் இறங்கினேன்.
தெற்குக் கடலோரம், துக்ம்.
இரண்டு முறை கவண், மூன்றாம் முறை குதிரை.
விழுந்ததும் ஆட்டம் கேட்டது:
வைத்துக்கொள்கிறாயா,
பொம்மையாட்சி போதுமா,
எரித்துவிடவா?
கீழே பஸ் ஹாரன் அடித்தது.
மூடியை மட்டும் சாய்த்துவிட்டு
ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி ஓடினேன்.

காலையில் வந்து திறந்தால்
துக்ம் இருந்த கட்டத்தில் சாம்பல்.
என்னிடம் கேட்ட கேள்விக்கு
அவன் பதில் சொல்லியிருக்கிறான்.
என் கையால், அவன் ஊரை.
சீட்டில் ஒரே வரி:
"அங்க தண்ணி உப்பு. உனக்கு ஆகாது."

பன்னிரண்டு குதிரையும் சாம்பலைச் சுற்றி நின்றன.
திரும்பி வர ஐந்து முறை.
கையிருப்பு எட்டுப் பொன்.
இரண்டு குதிரையை நானே கலைத்தேன்.

வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில்
கவரால் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.
"துக்ம்ல என்ன?" என்றேன்.
"ஷட்டவுன் வேல. நாப்பது நாள்"
என்றான், கிளிப்பைப் பல்லில் கடித்தபடி.
பிறகு அதை எடுத்துக் கொடியில் மாட்டினான்.
பருப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை.

முறை நூற்று ஐம்பத்தொன்று.
அதே கட்டத்தில் ஒரு ஊர்.
பெயர்: துக்ம்-2.
மக்கள்தொகை ஒன்று. மதில் இல்லை, தடிக்காரன் இல்லை.
மிச்சமுள்ள என் குதிரைகள்
இரண்டு கட்டம் தள்ளி நிற்கின்றன.
பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.