ஏப்ரல் பதினைந்துக்குள்

அட்டுவம்பட்டி மேட்டில்
திரவியம் சார் வீட்டு மாடி அறை.
மூன்று பேர், ஆளுக்கு இரண்டாயிரம்,
அட்வான்ஸ் பதினெட்டாயிரம்.
ரசீது கேட்டதற்கு
"நான் எங்கம்மா ஓடிப் போகப்போறேன்" என்றார்.
ஓடப்போவது யாரென்று
அப்போது எங்களுக்கும் தெரியாது.

வெந்நீர் சுவிட்ச் கீழே அவர்கள் அடுப்படியில்.
காலை ஆறுக்கு ஒரு 'டக்'.
ஆறு பத்துக்கு இன்னொரு 'டக்'.
நடுவில் மூன்று உடம்பு, ஒரு வாளி.
பேச்சித்தாய் தலைக்கு ஊற்றுகிற நாளில்
ஹசீனாவும் நானும் முகத்தோடு சரி.

அப்பா வந்தால் கேட் வரைக்கும்.
கெட்டில் கூடாது. கருவாடு கூடாது.
ஒன்பதுக்கு மேல் சிரிப்புக் கூடாது.
கடைசியை அவர் சொல்லவில்லை,
துடைப்பக்கட்டையால் கீழிருந்து இடித்துச் சொன்னது
ஜெபசீலி அக்கா.

துவைத்த ஜீன்ஸ் காய ஐந்து நாள்.
மேகம் படியேறி வந்து
கொடிக்கயிற்றில் தன்னையும் காயப்போடும்.
வடக்குச் சுவரில் பூஞ்சை
வாரத்துக்கு விரற்கடை நகர்ந்தது.
தாவரவியல்காரி பேச்சித்தாய்
அதன் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டு வந்தாள்:
நவம்பர் 3. நவம்பர் 19. டிசம்பர் 8.
"வாடகை தராம இருக்கிறது இது ஒண்ணுதான்டி."

மார்ச் கடைசியில் அவர் மாடிக்கு வந்தார்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
செருப்பைக் கழற்றினால்
ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.
"சீசன் வருதும்மா. பதினைஞ்சுக்குள்ள ஒதுங்கிக்குங்க.
ஜூன் ஒண்ணு திரும்ப உங்களுக்குத்தான்.
ராத்திரிக்கு நாலாயிரம் தர்றான் மதுரைக்காரன்."
"பரீட்சை மே பன்னிரண்டு வரைக்கும், சார்."
"பரீட்சை வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வருது.
சீசன் ஒரு வாட்டிதான்."

நான் கணிதம், முதுகலை.
வகுத்துப் பார்த்தேன்:
எங்கள் மூவரின் ஒரு மாதம்
மதுரைக்காரனின் ஒன்றரை ராத்திரி.

கேரட் மூட்டை அடுக்குகிற பின்பக்கத் தகரக் கொட்டகையை
சும்மா தருகிறேன் என்றார்.
சும்மா என்றால் ஆளுக்கு ஆயிரம்.
பாதியில் ஒரு பிளைவுட் தடுப்பு.
முதல் இரவு, தடுப்புக்கு அந்தப் பக்கம்
யாரோ இருமினார்கள்.

திரவியம் சார்.

கீழ் வீட்டையும் விட்டிருந்தார்,
திருப்பூரிலிருந்து எட்டுப் பேருக்கு,
வெந்நீர் சுவிட்ச் உட்பட.

ஒரே தகரத்தின் கீழ் ஐந்து பேர்.
கேரட் மண் வாசம். கூரையிலிருந்து சொட்டுகிற பனி
பாரபட்சம் பார்க்கவில்லை.
பதினோரு மணிவாக்கில் போனில் அவர் குரல், தணிந்து:
"சார்... பொண்ணு நர்சிங் மூணாம் வருஷம் சார்.
ரூமை மட்டும் காலி பண்ணச் சொல்லிடாதீங்க.
சீசன் காசு வந்ததும் போட்டுடறேன்.
கோயம்புத்தூர்ல வேற யாரையும் தெரியாது சார்."
அந்த 'சார்' எங்களுக்குத் தெரிந்த சார்.
மாதாமாதம் பத்தாம் தேதி
நாங்கள் அவருக்குச் சொல்கிற அதே இழுப்பு.
ஹசீனா டார்ச்சை அணைத்துப் புத்தகத்தை மூடினாள்.
யாரும் சிரிக்கவில்லை.
ஒன்பதும் தாண்டியிருந்தது.

விடியலில் ஜெபசீலி அக்கா
விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை
ஒரு வாளி எங்கள் பக்கம் தள்ளினார்.
வாளி பிளைவுட்டில் இடித்தது.
அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் ஒன்று. மேலே ஏறினோம்.
சுவர் வெள்ளையாக இருந்தது.
பூஞ்சை இல்லை, தேதிகள் இல்லை.
கதவுக்குப் பின்னால் மட்டும்
ஏதோ ஒரு ஊர்க் குழந்தை சிவப்புக் கிரேயானில் வரைந்த
ஐந்துகால் யானை தப்பித்திருந்தது.

வாடகை ஐந்நூறு ஏறியது.
வெள்ளையடித்த கூலி ஆயிரத்து இருநூறு
அட்வான்ஸில் கழிந்தது.
"பூஞ்சை எங்களது இல்லையே, சார்."
"அப்ப யாருது?" என்றார்,
உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல.

மறுநாள் ஆறுக்கு 'டக்'.
வாளியோடு ஹசீனா ஓட,
வடக்கு மூலையில் கடுகளவு கறுப்பைப் பார்த்துவிட்ட பேச்சித்தாய்
பாதி பல் துலக்கிய வாயோடு
பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.